கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

7 அக்டோபர் 2025, செவ்வாய்

மழை. லாபு சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதாகக் கேள்வி. போய்ப் பார்க்கவில்லை.

கோயில் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவகத்துக்கு இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். பக்கம் திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்கலாம் என்று கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டேன். "உங்கள் உலாவி மிகப் பழையது, புதுப்பித்துவிட்டு வரவும்" என்றது பக்கம். சரி என்று உலாவியைப் புதுப்பிக்கப் போனால், "இந்தக் கணினிக்கு இனிமேல் புதுப்பிப்பு கிடையாது" என்றது உலாவி. ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டரைக் கை காட்டுவார்களே, அதே கதை.

போன வருடம் திறந்ததே? அதே பெட்டி, அதே விரல்கள்.

ஓய்வு பெற்ற அன்று தோட்டத்து ஆபீசில் தூக்கிப் போடவிருந்த பெட்டி இது. முப்பது வருடம் தோட்டத்துக் கிராணியாகக் கணக்கெழுதியவனுக்கு வேறு என்ன வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னையும் அதையும் ஒரே நாளில்தான் வெளியே அனுப்பினார்கள். அதனால் அதை யாராவது பழசு என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

14 அக்டோபர், செவ்வாய்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெமியாங் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சித்திக் கடைக்குப் போனேன். இடுப்பு போய்விட்டது.

சித்திக் மூடியைக் கழற்றி உள்ளே ஊதினான். தும்மினான். "கிராணி அண்ணே, உள்ள ஒரு பல்லி குடும்பம் நடத்தியிருக்கு. வாடகை வாங்குனீங்களா இல்லையா?" என்றான். பிறகு காற்றாடியைச் சுத்தம் செய்து, உள்ளே இருந்த வட்டமான சின்ன பேட்டரியையும் புதிதாக மாற்றிக் கொடுத்தான்.

உலாவி விஷயத்தில் அவன் சொன்னது இது. நாலு கலர் வட்டம் போட்ட உலாவி பழைய பெட்டிகளைக் கைவிட்டுவிட்டது. ஆனால் நரிப் படம் போட்ட உலாவி இன்னும் பழைய பெட்டிக்காரர்களுக்கென்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறது. "வீட்டுக்குப் போய் அத எறக்கிக்குங்க. அதுவும் ரொம்ப நாளைக்கு இருக்காது லா" என்றான்.

நரி நல்லது என்று முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி திலகா சுவரில் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அஷ்டமியும் அதுவுமா கொண்டாந்திருக்கீங்க." நான் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றியதால் தேதி கேட்டதாம், அவளே போட்டுவிட்டாளாம். சீட்டு விளையாடி விளையாடி அவளுக்கும் பெட்டி பழக்கம்தான். போகட்டும், ஒரு வேலை மிச்சம்.

திரைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாகிவிட்டது. புது வண்டிக்கு வைப்பதுபோல. ஆனால் வைத்த இடம்! கீழே, வலது கை மூலையில்.

"நெத்தி மேலதானே இருக்கும்?" என்றேன்.

"உங்க நெத்தியா அது? சாமிக்கு வச்சது, தொடாதீங்க."

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மகள் ரோகினி ஜோகூரிலிருந்து மாப்பிள்ளையோடு வந்தாள். அம்மாவும் மகளும் பெட்டி முன்னால் உட்கார்ந்து ஏதோ பேசினார்கள், பிறகு சமையலறையில் ஏதோ சிரித்தார்கள். முறுக்கு நன்றாக வந்திருந்தது.

26 அக்டோபர், ஞாயிறு

ஆண்டுக் கூட்டம். இதை எழுதுவதும் கோபத்தில்தான்.

விமலா எழுந்தாள். நீலாய் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், எங்கள் சங்கத்தின் துணைச் செயலாளர். கூட்டத்துக்கு லேப்டாப்போடு வருகிறவள். "அண்ணே, அறிக்கைய என்கிட்ட கொடுங்க. என் லேப்டாப்புல பத்து நிமிஷத்துல அனுப்பிடுறேன். உங்க பெட்டியில அந்தப் பக்கமே தொறக்க மாட்டேங்குதாமே."

யார் சொன்னது என்று கேட்டேன். தோட்டம் முழுக்கத் தெரியும் என்றாள்.

"செயலாளர் நான். என் பெட்டியிலிருந்துதான் போகும்" என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். நான் எங்கே உட்கார்ந்தேன்? "போகலைன்னா பதவிய நீயே எடுத்துக்க" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சரிண்ணே. நவம்பர் முப்பது கடைசி நாள். அன்னிக்குக் கூட்டம் போடுவோம். அதுக்குள்ள போகலைன்னா அங்கயே நான் அனுப்பிடுறேன். பதவியும் எனக்கு, மைக்கும் எனக்கு."

தலைவர் நல்லசாமி கண்ணை மூடியபடியே தலையாட்டினார். தூங்கிக்கொண்டிருந்தாரா, சம்மதித்தாரா, தெரியவில்லை. கூட்டக் குறிப்பில் சம்மதம் என்று ஏறிவிட்டது. அதை எழுதியவனும் நான்தான்.

பதவி போனால் போகட்டும். கையெழுத்துப் போடுகிற வேலை. ஆனால் மைக்? எங்கள் மாரியம்மன் கோயிலில் திருவிழா அன்று மைக் செயலாளர் கையில்தான் இருக்கும். காலையில் பால்குடம் கிளம்புவதிலிருந்து தேர் நிலைக்குத் திரும்பும் வரை. எந்த வண்டி வழியை மறைக்கிறது, யாருடைய பிள்ளை காணோம், அன்னதானம் எங்கே — எல்லாம் என் குரலில்தான் இந்தத் தோட்டம் கேட்டுப் பழகியிருக்கிறது. வண்டி எண்ணை நான் சொன்னால் வண்டியே வெட்கப்பட்டு நகரும் என்பார்கள். அதைப் போய் விமலாவிடமா?

29 அக்டோபர், புதன்

நரியை இறக்கப் போனேன். "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல." வேறு பக்கம் போனேன். அதே சிவப்பு எழுத்து. தமிழ்ப் பத்திரிகையின் பக்கம் கூடப் பாதுகாப்பில்லையாம். செய்தியைப் படிப்பதில் என்ன ஆபத்து?

3 நவம்பர், திங்கள்

இன்றும் அதே. இந்த முறை பொறுமையாக முழுதும் படித்தேன். கீழே கடிகாரம் பற்றியும் ஒரு வரி. என் கடிகாரம் பின்தங்கி இருக்கிறதாம்.

என் கடிகாரமா? இந்த வீட்டில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு நாள் கூடப் பிந்தாதவன் நான். வேண்டுமானால் முந்தி இருக்கிறது என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு என் சுவர்க் கடிகாரத்தைப் பற்றிப் பேச இவன் யார்?

திலகா எட்டிப் பார்த்தாள். "என்னங்க சொல்லுது?"

"பொய் சொல்லுது."

"ஐயோ பாவம்" என்றாள். என்னைச் சொன்னாளா, பெட்டியைச் சொன்னாளா?

8 நவம்பர், சனி

சித்திக் பென்டிரைவில் நரியை ஏற்றிக் கொடுத்தான். வீட்டில் செருகினேன், தட்டினேன், நரி வந்து உட்கார்ந்துகொண்டது. உலகத்தைச் சுற்றி வால் சுருட்டிப் படுத்திருக்கும் படம். அழகாகத்தான் இருக்கிறது. எழுந்து நின்று கைதட்டினேன்.

பிறகு ஒரு பக்கமும் திறக்கவில்லை. புது நரிக்கும் அதே பழைய பல்லவி. அப்படியானால் குற்றம் உலாவியில் இல்லை. பின்னே எதில்?

சித்திக்குக்குப் போன் போட்டேன். "பாக்காம எப்படிண்ணே சொல்றது? பெட்டியக் கொண்டாங்க." தூக்கப் போனேன். திலகா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அன்னிக்குத் தூக்கிட்டு நாலு நாள் எண்ணெய் போட்டு நீவி விட்டது யாரு? இடுப்பு முக்கியமா, பெட்டி முக்கியமா?"

இவ்வளவு அக்கறை. மனசு இளகிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

13 நவம்பர், வியாழன்

பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தைக் கூட்டத்தில், விமலா. அவித்த சோளத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். குணாளன் அண்ணன் எங்கிருந்தாலும் கோயில் ஆபீசுக்கு வரவும்" என்றாள். சோளக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? வீடு வரும் வரை காதில் அந்த ஹலோ ஹலோதான். நல்ல மைக் பிடிக்கிறவன் ஹலோ சொல்ல மாட்டான். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவான். இதுகூடத் தெரியாதவளிடம் போகப்போகிறது.

14 நவம்பர், வெள்ளி

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பொட்டு புதுசாகிறது. பெட்டி மட்டும் பழசாகவே இருக்கிறது.

21 நவம்பர், வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன்.

சாயங்காலம் திலகா பெட்டிக்குச் சூடம் காட்டி, பொட்டு வைத்து, கோயிலுக்குக் கிளம்பினாள். இன்று சந்தனத்தில் தண்ணீர் அதிகம் போல. நான் சும்மா திரையை வெறித்துக்கொண்டிருந்தேன். திரைச் சூட்டுக்கு அந்தப் பெரிய பொட்டு — இப்போதெல்லாம் ஐம்பது காசு அளவுக்கு வைக்கிறாள் — மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது. தொட்டால் குற்றம், தானாக இறங்கினால் யார் என்ன செய்ய முடியும்? அது இருந்த இடத்தில் தேதி.

07/09/2014.

ரோகினியின் கல்யாண நாள்!

பதினொரு வருடம் பின்னால் இருக்கிறது பெட்டி. கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று அந்தச் சிவப்பு எழுத்து ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் சுவரைப் பார்த்தேன். பெட்டிக்குக் கல்யாண நாள் என்றால், இணையப் பக்கங்கள் இன்றைக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றெல்லாம் இன்னும் பிறக்காதவை. அது எப்படி நம்பும்?

தேதியை இன்றைக்கு மாற்றினேன். நரி ஒரு துள்ளு துள்ளியது. பத்திரிகை திறந்தது. சங்கப் பக்கம் திறந்தது. உள்ளே வரச் சொன்னது. யாரும் வீட்டில் இல்லாததால் நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

வழிந்த சந்தனத்தை வழித்து, அதே இடத்தில் அதே அளவுக்குப் பொட்டு வைத்துவிட்டேன். திலகாவிடம் சொல்லப் போவதில்லை. பாவம், அஷ்டமி தோஷம் போகட்டும் என்று வீட்டிலேயே நல்ல நாளாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த நல்ல நாள் அதுதான். அது நகர்ந்துவிடாமல் வெள்ளிக்கு வெள்ளி பொட்டோடு தேதியையும் திருப்பி வைத்திருக்கிறாள் போல. நினைக்க நினைக்கப் பாசமாக இருக்கிறது.

22 நவம்பர், சனி

அறிக்கை போய்விட்டது. பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. அச்சடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி வரை மூச்சு விட மாட்டேன். விமலா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

23 நவம்பர், ஞாயிறு

ரோகினி போன் செய்தாள். திலகா துணி காயப்போட வெளியே போயிருந்தாள். மகளிடம் சொல்வதில் என்ன? அம்மா உன் கல்யாண நாளைத்தான் பெட்டிக்கு நல்ல நாளாகப் போட்டிருக்கிறாள், வெள்ளிக்கு வெள்ளி மறக்காமல் போடுகிறாள் என்று சொன்னேன். 

 அந்தப் பக்கம் சிரிப்பு.

"அப்பா, இன்னுமா அப்படியே வச்சிருக்காங்க? தீபாவளி அன்னிக்கே நான் சொன்னேனே. தேதி தப்பா இருந்தா ஒரு பேஜும் தொறக்காதும்மா, சரி பண்ணுங்கன்னு."

"அம்மா என்ன சொன்னா?"

"அப்படியா-ன்னு ரெண்டு தரம் கேட்டுக்கிட்டாங்க."

தீபாவளியிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே வெள்ளிக்கு வெள்ளி. தெரிந்துகொண்டே ஐயோ பாவம். தெரிந்துகொண்டே இடுப்பு முக்கியமா, பெட்டி முக்கியமா!

ஏன்? என்னிடம் அவளுக்கு என்ன பகை?

24 நவம்பர், திங்கள்

கேட்டுவிட்டேன். நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தேதிய ஏன் மாத்துன?"

தலையைத் தூக்கவில்லை. "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"வெள்ளிக்கிழம."

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பியாச்சு."

ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "மொதல்ல எனக்கும் தெரியாதுங்க. அஷ்டமியாச்சேன்னு நல்ல நாளாப் போட்டேன். அப்புறம் ரோகினி சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. அப்புறம் நீங்க பந்தயம் கட்டுனீங்களா, பொட்டக் கொஞ்சம் பெருசா வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது. ஊர் முன்னால் நான் தோற்க வேண்டுமா, அந்த விமலா மைக்கைப் பிடிக்க வேண்டுமா, நீ என் பொண்டாட்டியா இல்லையா என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "வருசா வருசம் பால்குடம் எடுக்கிறேன். அவளவளுக்குப் பக்கத்துல புருஷன் நடக்கிறான். தண்ணி ஊத்துறான், விசிறி விடுறான். எனக்கு உங்க கொரல் மட்டும் வருது. அதுவும் லாரி நம்பர் சொல்லிக்கிட்டு."

இன்னொரு நெத்திலியை எடுத்தாள்.

"போன திருவிழாவுல பாதி வழியில தலை சுத்திருச்சு. விமலாதான் ஓடியாந்து குடத்தப் புடிச்சா. நீங்க அப்ப கடலை வண்டிக்காரன ஓரமாப் போகச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"எங்க சொல்றது? மைக்குலயா?"

 நானும் உட்கார்ந்து ரெண்டு நெத்திலி கிள்ளினேன். சரியாக வரவில்லை என்று வாங்கிக்கொண்டாள்.

25 நவம்பர், செவ்வாய்

அழுகை வந்தது. குளியலறையில். அந்தக் கடலை வண்டிக்காரன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறான். என்ன சட்டை போட்டிருந்தான் என்பது வரை.

30 நவம்பர், ஞாயிறு

கூட்டம். விமலா லேப்டாப்பைத் திறந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் தாமதமாகப் போனேன். வேண்டுமென்றேதான். தலையணை உறையிலிருந்து எடுத்த தாளை மேசையில் வைத்து, இஸ்திரி போடுவதுபோல உள்ளங்கையால் நீவினேன்.

அவள் படித்தாள். தேதியைப் பார்த்தாள். "இருபத்திரெண்டாம் தேதியே போயிருச்சா? ஒரு வாரமா வாயத் தொறக்காம இருந்தீங்களாண்ணே?"

"செயலாளர் நிதானமா இருக்கணும்" என்றேன்.

அந்த முகத்தை எழுதி வைக்க எனக்குத் தமிழ் போதாது. பெரிய இன்பம். கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தேன். பிறகு சொன்னேன், பதவி என்னிடமே இருக்கட்டும், வருகிற திருவிழாவிலிருந்து மைக் விமலாவிடம்.

நல்லசாமி கண் விழித்தார். இதுதான் செய்தி.

"என்னண்ணே விளையாட்டு இது?" என்றாள் விமலா. நம்பவே இல்லை.

"விளையாட்டு இல்ல. திலகா கூட நடக்கணும்."

அவள் லேப்டாப்பை மூடினாள். "போன திருவிழாவுல அக்காவப் புடிச்சப்பவே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. அக்காதான் வேணாம்னாங்க."

ரெண்டு நிபந்தனை போட்டேன். ஹலோ சொல்லக் கூடாது. வண்டி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ரெண்டு முறை சொல்ல வேண்டும்.

வீட்டில் சொன்னேன். திலகா காப்பி கொண்டுவந்து வைத்தாள். வழக்கத்தைவிடச் சீனி அதிகம், டாக்டர் பார்த்தால் திட்டுவார்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

நரி ஒழுங்காக ஓடுகிறது. திலகா இப்போது இணையத்திலும் சீட்டு விளையாடுகிறாள். தோற்றால் பெட்டி பழசு என்கிறாள்.

8 மார்ச் 2026, ஞாயிறு

திருவிழா. காலில் கொப்புளம். உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

விமலா எடுத்த எடுப்பில் ஹலோ ஹலோ என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கையில் மைக்குக்குப் பதில் விசிறியும் மஞ்சள் தண்ணீர்ச் செம்பும். திலகா தலையில் பால்குடம். வெயில் ஏறுவதற்குள் கிளம்பியும் தார் ரோடு சுட்டது. பார்க்கிறவனெல்லாம் "என்ன கிராணியாரே, இந்தப் பக்கம்?" என்று கேட்டான். இந்தப் பக்கம்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

ரப்பர் ஸ்டோர் முச்சந்தியைத் தாண்டும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "தேர் திரும்புற எடத்துல பச்சைக் கலரு கன்சில் காரு ஒண்ணு வழிய மறைச்சு நிக்கிது. என்.டி.ஏ. ஆறு, சுழியம், ஏழு, மூணு..." அங்கே அவள் நிறுத்தினாள். பிறகு மைக்கிலேயே சிரித்துவிட்டாள். மைக்கில் சிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.

திலகா குடம் ஆடாமல், திரும்பாமல் கேட்டாள். "அது நம்ம வண்டிதானே?"

"ஆமா."

"வேணும்னேதானே அங்க விட்டீங்க?"

"சாவி நல்லசாமிகிட்ட இருக்கு. தேர் வர்றதுக்குள்ள எடுத்துருவாரு. நீ நட."

விமலா இரண்டாம் முறை சொன்னாள். ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக. நன்றாகத்தான் சொல்கிறாள், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தத் தோட்டத்தின் ஒலிபெருக்கியில் என் வண்டி எண் வருவது இதுவே முதல் முறை. நானா அதைச் சொல்லிக்கொள்ள முடியும்?

போன வருடம் அவளுக்குத் தலை சுற்றிய இடம் எது என்று கேட்டு வைத்திருந்தேன். பழைய சிமெண்ட் பாலத்துக்கு முன்னால். அங்கே வந்ததும் ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் வைத்தாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல. சும்மா புடிச்சேன்."

கோயில் வரை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பார்த்தேன். காலையில் கிளம்புமுன்னே வைத்திருக்கிறாள் போல, பொட்டு திரைக்கு மேலே, நடுவில் இருக்கிறது. மூலையைத் துடைத்துவிட்டிருக்கிறாள். இன்று ஞாயிறு. பெட்டியிலும் இன்றைய தேதி, ஞாயிறுதான்.